சிறு குற்றமும் படைப்பணி விண்ணப்பமும்

மும்பையில் தமிழர் பெருமளவில் வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் பட்டம் பெற்ற இளைஞர்கள் இன்று பலர் உள்ளனர். தோல் தொழிலிலும் இட்லி வியாபாரத்திலும் ஈட்டிய பணத்தைக் கொண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் இங்கு ஏராளம். அத்தகைய குடும்பத்து இளைஞர் ஒருவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில் வெற்றி பெறுகிறார் என்று கொள்வோம். ஐந்து நாள் நேர்காணலையும் மருத்துவப் பரிசோதனையையும் கடந்து, சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி நிலையத்தின் வாயிலை அவர் எட்டிவிட்டார். அந்நிலையில் படிவம் ஒன்றில் உள்ள ஒரு வினா அவரைத் திகைக்க வைக்கிறது: "நீங்கள் எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா? நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டதுண்டா?"

பதினெட்டு வயதில் சயான் நிலையத்தருகே தண்டவாளத்தைக் கடந்து, பிடிபட்டு, அபராதம் கட்டிய நாள் அவர் நினைவுக்கு வருகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இவ்விரு எண்ணங்களுக்கிடையே அவர் எழுதும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பின் பயனை நிர்ணயித்துவிடக் கூடும்.

வினாவின் வீச்சு

மத்திய அரசுப் பணிகளுக்கான சான்றுறுதிப் படிவம், தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைது, வழக்கு, காவலில் வைப்பு, நன்னடத்தைப் பிணை, நீதிமன்ற அபராதம், தண்டனை, நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்கிறது. பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்புக்குரியவை என்ற எச்சரிக்கை அதன் தலைப்பிலேயே உள்ளது. படிவத்தை அளித்த பிறகு கைது போன்ற நிகழ்ச்சி ஏதேனும் நேர்ந்தால், அதனையும் உடனே தெரிவித்தல் வேண்டும். பணிக்குப் பணி படிவத்தின் சொற்கள் சிறிது வேறுபடலாம், நோக்கம் ஒன்றே.

இங்குதான் பலர் தவறு செய்கின்றனர். இரயிலில் பயணச்சீட்டின்றிப் பயணம் செய்து, பரிசோதகரிடம் கூடுதல் கட்டணம் செலுத்தி இரசீது பெற்றால், அது நீதிமன்ற அபராதம் ஆகாது. ஆனால் தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்ததற்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது சட்டப்படி தண்டனையே. தொகை சிறியது என்பதால் அதன் தன்மை மாறிவிடாது. அவ்வாறே, மும்பையில் "சாப்டர் கேஸ்" என்று வழங்கும் முன்தடுப்பு நடவடிக்கை தண்டனை அன்று; எனினும் பிணையில் கட்டுப்படுத்தப்பட்டதுண்டா என்ற வினாவுக்கு அது விடையாகும். சமரசத்தில் முடிந்த வழக்கும், விடுதலையில் முடிந்த வழக்கும் கூட, "வழக்குத் தொடரப்பட்டதுண்டா" என்ற வினாவின் கீழ் வருவனவே.

நீதிமன்றங்கள் கூறுவது

தில்லிக் காவல்துறைப் பணிக்கு 1999-இல் விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், சமரசமாகி விடுதலையில் முடிந்த அடிதடி வழக்கொன்றை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை. நிகழ்ச்சியின்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. அவ்வயதில் இளைஞர்கள் விவேகமின்றிச் செய்யும் சிறு தவறுகளைப் பெருந்தன்மையுடன் நோக்க வேண்டும் எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2011-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் வென்றார் என்பது உண்மை. ஆனால் விண்ணப்பத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். வயது வரம்புள்ள படைப்பணியில் இத்தகைய தாமதம் தோல்விக்கு ஒப்பாகும்.

அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2016-இல் இதற்கான நெறிகளைத் தொகுத்தளித்தது. தகவல் உண்மையாக இருத்தல் வேண்டும். இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்பக் குற்றம் மறைக்கப்பட்டிருப்பின், அதனை மன்னிக்கும் விருப்புரிமை பணியளிப்போருக்கு உண்டு. படிவம் தெளிவாகக் கேட்டதைச் சொல்லாமை மட்டுமே மறைப்பாகும். அதே வேளையில், உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது. சீருடைப் பணிகளில் அளவுகோல் மேலும் கடுமையானது என்பதை 2022-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை தொடர்பான தீர்ப்பு வலியுறுத்தியது. இவை படை அதிகாரிகளைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. எனினும் நம்பிக்கையே அடிப்படையான பணிக்கு இக்கொள்கை மேலும் பொருந்தும்.

சிறார்க்குத் தனி நெறி

பதினெட்டு வயது நிறையுமுன் நேர்ந்தவற்றுக்குச் சட்டம் கருணை காட்டுகிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, அச்சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்ட சிறுவர்க்கு அக்குற்றத்தால் தகுதியிழப்பு நேராது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் வகை செய்கிறது. பதினாறு வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காக வயது வந்தோராகக் கருதி விசாரிக்கப்பட்டோர்க்கு இச்சலுகை இல்லை.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நீதிமன்றத்தில் வழக்கு எண்ணையும் உத்தரவின் சான்றிட்ட நகலையும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். இரண்டாவதாக, நாள், சட்டப் பிரிவு, முடிவு ஆகியவற்றை நான்கைந்து வரிகளில், சாக்குப்போக்கின்றி எழுதுதல் நன்று. மூன்றாவதாக, அளித்த படிவத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஐயம் இருப்பின் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். தகுதியுடையோர்க்கு அங்கு இலவச உதவி கிடைக்கும். "எழுதாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் இடைத்தரகர் சொல்லைக் கேட்டல் ஆகாது. காவல்துறைச் சரிபார்ப்பு வரும் நாளில் அவர் அருகில் இருக்கமாட்டார்.

நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் வாழும் இளைஞர்கள் சிறு வழக்குகளில் சிக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே, அற்பத் தவறுகளை அற்பமாகவே மதிப்பிடும் பொறுப்பு தேர்வு செய்வோருக்கும் உண்டு. ஆனால் அந்த மதிப்பீட்டுக்கு முதலில் உண்மை அவர்கள் கையில் இருக்க வேண்டும். தண்டவாளத்தைக் கடந்தது சில நிமிட அவசரம். அதனை மறைப்பதோ, அதிகாரியாக விரும்பும் ஒருவர் தெரிந்தே எடுக்கும் முடிவு. முன்னதை மன்னிப்போர் பலர். பின்னதை மன்னிப்போர் சிலரே.