கமெலான்: ஊரே சேர்ந்து வாசிக்கும் வெண்கலம்

இந்தோனேசியாவின் ஜாவா, பாலி தீவுகளில் கோயில் திருவிழா, அரண்மனைச் சடங்கு, இராமாயண நிழற்கூத்து, நடனம் எதுவானாலும் உடன் ஒலிப்பது கமெலான் இசை. வெண்கலக் கட்டைகளும் குமிழ் வைத்த கோங்குகளும் அதில் பெரும்பங்கு. கெண்டாங் என்னும் இருமுக மத்தளம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நம் காதுக்குப் பழக்கமில்லாத ஒன்று உண்டு: ஆவர்த்தனத்தின் கடைசி அடியில்தான் பெரிய கோங் முழங்கும், அழுத்தம் முழுவதும் அங்கேதான்.

தரமான கமெலானுக்குச் செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ 10-க்கு 3 என்ற கணக்கில் கலக்கிறார்கள். வார்த்த வெண்கலத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டிக்காரர்கள் மாறி மாறி அடித்துக் கோங்காக விரிக்கிறார்கள். சுருதி சேர்ப்பது அரத்தின் வேலை. கட்டையின் அடியில் நடுப்பகுதியைச் சுரண்டினால் சுருதி இறங்கும். முனைகளைத் தேய்த்தால் ஏறும்.

ஐந்து சுர சிலெண்ட்ரோ, ஏழு சுர பெலோக் என இரண்டு சுர வரிசைகள் உண்டு. ஆனால் எல்லாக் குழுவுக்கும் பொதுவான சுருதி கிடையாது. ஒரு தொகுதியின் கட்டையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அபசுரம்தான். அதனால் தொகுதி முழுவதையும் ஒரே கருவியாக மதிக்கிறார்கள். அதற்கு மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்க உட்காருவார்கள்; கருவியைத் தாண்டிச் செல்வது தவறு.

பாலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். கருவிகளை இணை இணையாகச் செய்து, ஒன்றின் சுருதியை மற்றதைவிட வேண்டுமென்றே சற்று ஏற்றி வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டும்போது ஒலி அலையலையாக அதிரும். அந்த அதிர்வு இல்லாவிட்டால் கருவி செத்துக் கிடப்பதாக அவர்களுக்குத் தோன்றும். வாசிப்பும் பங்கீடுதான்: ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் தட்ட, இரண்டும் சேர்ந்தே வேகமான ஒரே மெட்டாகிறது. வலக்கைச் சுத்தியல் அடுத்த கட்டைக்குத் தாவும்போதே இடக்கை விரல்கள் முந்தைய கட்டையைப் பிடித்து ஓசையை நிறுத்தியாக வேண்டும். இந்த இடக்கைதான் கற்பதற்குக் கடினம்.

ஜாவா அரண்மனைகளின் பெடாயா நடனத்தில் ஒன்பது பெண்கள் மிக மெதுவாக அசைவார்கள். பாலியின் லெகோங் அதற்கு நேர்மாறு: வெட்டும் விழிகள், திடீர் நிறுத்தங்கள். ஆடுபவரின் அசைவைக் கண்ட மத்தளக்காரர் குழுவுக்குச் சைகை தர, எல்லோரும் ஒரே அடியில் நிற்பார்கள்.

1889 பாரிஸ் கண்காட்சியில் ஜாவா இசையைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி அதில் மனம் பறிகொடுத்தார். 2021-இல் யுனெஸ்கோ கமெலானை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1977-இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற தங்க இசைத்தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலோடு, 16 அடிக்கு ஒருமுறை கோங் முழங்கும் ‘புஷ்பவர்ணா’ என்ற ஜாவா அரண்மனை இசையும் இருக்கிறது.