தசை முந்துகிறது

போட்டி சியர்லீடிங்கில் ஓர் அணிக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். அதற்குள் ஆள்மேல் ஆள் ஏறிப் பிரமிடு கட்ட வேண்டும், ஒருவரை உயரே எறிந்து பிடிக்க வேண்டும், ஓடிவந்து பல்டி அடிக்க வேண்டும், இடையிடையே ஆடவும் வேண்டும். ஐபிஎல் எல்லைக்கோட்டருகே ஆடுகிறவர்களை மட்டுமே பார்த்தவர்களுக்கு இது வேறு விளையாட்டு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளி விளையாட்டுகளில் பெண்களுக்கு நேரும் மிகக் கொடிய காயங்களில், அதாவது உயிரையோ முதுகுத்தண்டையோ பறிக்கக்கூடியவற்றில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கில் நேர்ந்தவை என்றது. ஆனால் மொத்தக் காயங்களை எண்ணினால் இந்த விளையாட்டு பட்டியலின் அடிப்பகுதியில்தான் வருகிறது. 2009 முதல் 2014 வரை பள்ளிகளில் திரட்டிய கணக்கில், 22 விளையாட்டுகளில் இதற்கு 18ஆவது இடம். அடிபடுவது குறைவு. பட்டால் பெரிதாகப் படுகிறது.

பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடிவிட்டு, வேலை, திருமணம், பிள்ளைப்பேறு என்று பல ஆண்டுகள் விலகியிருந்து, முப்பதை ஒட்டிய வயதில் அணிக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் உடலில் எது எப்போது திரும்பி வருகிறது என்பது ஓரளவு அளக்கப்பட்ட விஷயம்.

முதலில் மூச்சு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு அவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அளந்தார்கள். முப்பதாண்டு முதுமை செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆறு மாதப் பயிற்சி கொடுத்ததும், ஐம்பதைத் தொட்டவர்கள் இருபது வயதில் தொடங்கிய அளவுக்கே திரும்பி வந்தார்கள். இந்த ஆய்வைக் காட்டி நம்பிக்கையூட்டும் கட்டுரைகள் ஏராளம். அவை பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

தசையும் திரும்பும். முதல் தடவை வளர்ந்ததைவிட வேகமாகத் திரும்பும். பயிற்சியால் தசை இழைகளில் கூடும் உட்கருக்கள், தசை இளைத்த பிறகும் நீண்ட நாள் அழிவதில்லை என்று ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2010இல் எலிகளில் காட்டினார்கள். பழைய பல்டியின் அசைவும் மூளையில் பதிந்தே கிடக்கிறது. சில வாரங்களில் துள்ளல் வந்துவிடும். ‘பழைய மாதிரி ஆகிவிட்டேன்’ என்று தோன்றும் கட்டம் இது.

தசைநாண் இந்த வேகத்தில் வருவதில்லை. தசையை எலும்போடு பிணைக்கும் வெள்ளை நார்க்கயிறு அது. அதில் ரத்த ஓட்டம் குறைவு, புதுப்பிப்பு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை அணுகுண்டுகள் காட்டிக்கொடுத்தன. 1955 முதல் 1963 வரை திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள், காற்றிலிருந்த கதிரியக்கக் கரிமத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கின. அது உணவு வழியே எல்லோர் உடலிலும் சேர்ந்தது. சோதனைகள் நின்றபின் ஆண்டுக்காண்டு குறைந்தது. ஆகவே ஒரு திசுவிலுள்ள கரிமத்தை அளந்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் தசைநாணை இப்படி அளந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் மையப் பகுதி, அந்த மனிதரின் முதல் 17 ஆண்டுகளில் உருவானது. அதன்பின் புதுப்பிக்கப்பட்டதற்கு அடையாளமே இல்லை. அதே நபரின் தசை தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது.

முப்பத்திரண்டு வயதில் பல்டிக்கு ஓடிவருகிறவர், பதினேழு வயதில் கிடைத்த கயிற்றில்தான் ஓடிவருகிறார். சாதாரண ஓட்டத்திலேயே குதிகால் தசைநாண் உடல் எடையைப் போல் ஆறிலிருந்து எட்டு மடங்கு விசையைத் தாங்குகிறது. பல்டிக்கு எம்பும்போது அது இன்னும் கூடும். பயிற்சிக்கு ஏற்பத் தசைநாணும் இறுகத்தான் செய்யும். ஆனால் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிய மூன்று மாதமாவது தொடர்ந்து சுமை ஏற்ற வேண்டும்.

அறுந்த 891 தசைநாண்களை நுண்ணோக்கியில் பார்த்த ஓர் ஆய்வு 1991இல் வெளிவந்தது. 97 விழுக்காட்டில் அறுவதற்கு முன்பே சிதைவு தொடங்கியிருந்தது. நல்லபடியாக இருந்தவர்களின் தசைநாண்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அதே சிதைவு காணப்பட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண் அறுவதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்று 2008இல் அமெரிக்க மருந்து ஆணையம் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. நம்மூரில் வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அது.

குதிகால் தசைநாண் அறும்போது பட்டென்று ஓர் ஒலி கேட்கும். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருக்கும். பலரும் உதைத்தது யாரென்று திரும்பிப் பார்ப்பார்கள். அதன்பின் அந்தக் காலில் நுனிக்காலூன்றி எழ முடியாது. களத்துக்குத் திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் விலக்கில்லை. 1997 முதல் 2002 வரை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் குதிகால் தசைநாண் அறுந்ததாகப் பதிவானவை மொத்தம் 31. 2011இல் சம்பளத் தகராறில் உரிமையாளர்கள் நாலரை மாதம் பயிற்சிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள். வீரர்கள் பலர் தாங்களாகப் பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தார்கள். பூட்டு திறந்து முகாம் தொடங்கிய முதல் 12 நாளில் பத்துப் பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த 17 நாளில் இன்னும் இருவர்.

அதே ஆண்டு ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி மூன்று வார விடுமுறை முடித்துத் திரும்பியது. தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் ஏற்றி, 100 முறை உட்கார்ந்து எழச் சொன்னார்கள். 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நோயின் பெயர் ராப்டோமயோலிசிஸ்: தசை செல்கள் உடைந்து, அவற்றின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும்.

இதுவரை சொன்னவை திரும்பி வருகிறவரின் சொந்த உடலுக்கு நேர்பவை. சியர்லீடிங்கில் அவர் தனியாக ஆடுவதில்லை. முன்பு சொன்ன பள்ளிக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட காயங்கள், ஆளைத் தூக்கி நிறுத்தும்போது நேர்ந்தவை. மூன்றில் ஒன்று மூளை அதிர்ச்சி. அதிகம் அடிபட்டவர்கள் பேஸ் எனப்படும், கீழே நின்று தாங்குகிறவர்கள்.

பேஸின் வேலையைக் கணக்காகவே போடலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மீட்டர் விழுந்து கைக்கு வர 0.78 நொடி ஆகும். கண்ணில் பட்டது கைக்கு எட்டவே அதில் கால் நொடி போய்விடும். வந்து சேரும் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். முழங்காலும் கையும் இளகி, அரை மீட்டர் தாழ்ந்து வாங்கினால், சராசரி விசை 350 கிலோ எடைக்குச் சமம். மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 117 கிலோ. கால் அசைய ஒரு கணம் பிந்தி, கால் மீட்டரில் நிறுத்த நேர்ந்தால் அது 650 கிலோ. பங்கு சமமாக விழும் என்பதற்கு உறுதியில்லை.

2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக அணியின் பிரமிடிலிருந்து ஒரு மாணவி ஏறத்தாழ நாலரை மீட்டர் விழுந்தார். மூளை அதிர்ச்சி, கழுத்து எலும்பில் விரிசல். அந்தப் பருவம் முழுக்கப் பயிற்சியில் இருந்த அணி அது.

அமெரிக்க கிளப் அணிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். தேர்வு நாளில் ஒருவர் என்ன செய்து காட்டுகிறார் என்பதை வைத்தே எந்த நிலை அணியில் இடம் என்று முடிவாகும். புத்தாண்டில் நினைத்து, மார்ச்சில் தொடங்குகிறவருக்குக் கிடைப்பது எட்டு வாரம்.