பிறர் வரியைத் தண்டுவோரும் அதனைக் கணக்காய்வோரும்

ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு கடைக்குச் செல்பவர், பொருளில் ஒட்டியிருக்கும் விலையை மாத்திரம் எண்ணிக்கொண்டு சென்றாற் போதாது. பணம் செலுத்துமிடத்தில் அவ்விலையின்மேல் இன்னுமொரு தொகை ஏறும். அதுவே விற்பனை வரி. அதனை விதிப்பது மத்திய அரசாங்கமன்று, மாநிலம். ஐம்பது மாநிலங்களுள் 45 மாநிலங்கள் இதனை விதிக்கின்றன. மாநில வீதம் கொலராடோவில் நூற்றுக்கு 2.9, கலிபோர்னியாவில் 7.25. இதற்குமேல் நகரங்களும் மாவட்டங்களும் தத்தம் பங்கைச் சேர்ப்பதுமுண்டு. இந்த வரியைச் சுற்றி வளர்ந்துள்ள உத்தியோகங்களைப் பற்றியே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நம் நாட்டிலே 2002 ஆம் ஆண்டு முதல் வழங்கும் பெறுமதி சேர் வரி, உற்பத்தி தொடங்கி விற்பனை வரை ஒவ்வொரு படியிலும் அறவிடப்படுவது. அமெரிக்க விற்பனை வரியோ பொருளை இறுதியாக வாங்கி நுகர்பவரிடம் ஒரே முறை பெறப்படுவது. மீண்டும் விற்பதற்கெனச் சரக்கு வாங்கும் வியாபாரி அதற்கான சான்றிதழைக் கொடுத்து வரியின்றி வாங்கலாம். இச்சான்றிதழ் சிறு கடதாசிதான். ஆனால் பின்னர் வரும் வழக்குகளுட் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

இனி, பயன்பாட்டு வரி என்பது யாது? வரியுள்ள மாநிலத்தில் வாழும் ஒருவர், வரியில்லாத அயல் மாநிலமாகிய ஒரிகனிற் பொருளை வாங்கித் தம் ஊருக்குக் கொண்டுவந்தால் உள்ளூர் வியாபாரியின் கதி என்னாவது? இதற்கு விடையாக வந்ததே பயன்பாட்டு வரி. வெளியே வாங்கிய பொருளை உள்ளே பயன்படுத்துவதற்கு அதே வீதத்தில் வரி. வொஷிங்டன் மாநிலம் இதனை 1935 இல் விதித்தது. அக்காலத்திலே கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அணை கட்டிய ஒப்பந்தக்காரர் பிற மாநிலங்களில் வாங்கிய இயந்திரங்களுக்கும் பொருள்களுக்கும் வரி கேட்கப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1937 இல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. வேறு மாநிலத்தில் முன்னரே செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள அச்சட்டம் இடமளித்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

சட்டம் வென்றது, வசூல் வெல்லவில்லை. தபால் மூலம் வாங்கிய சட்டைக்குத் தாமாகவே வரி கணக்கிட்டுச் செலுத்தும் குடிமக்கள் எத்தனை பேர்? ஆகவே தூரத்து விற்பனையாளரே வரியைத் தண்டித் தரவேண்டுமென மாநிலங்கள் விரும்பின. மாநிலத்துக்குள்ளே கடையோ களஞ்சியமோ ஆளோ இல்லாத நிறுவனத்தை அவ்வாறு வற்புறுத்த முடியாதென 1967 இலும் 1992 இலும் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பின்னர் இணைய வியாபாரம் பெருகியது. வருமான வரியே இல்லாத தென் டகோட்டா, விற்பனை வரியையே பெரிதும் நம்பியிருந்தமையால், மீண்டும் வழக்காடியது. 2018 யூன் மாதத்தில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் பழைய விதி வீழ்ந்தது. ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் அம்மாநிலத்துக்கு விற்பவர், அங்கே காலடி வைத்திராவிடினும், வரி தண்டவேண்டியவரானார். ஏனைய மாநிலங்களும் விரைந்து பின்தொடர்ந்தன. இவ்வரியை அறிந்தவர்களுக்கு உத்தியோகச் சந்தையிலே மதிப்பு உயர்ந்தது.

இத்துறையின் முதல் வாயில் மாநில வருவாய்த் திணைக்களத்துக் கணக்காய்வாளர் பதவி. கணக்கியல் படித்த பட்டதாரிகளே பெரும்பாலும் இதிற் சேர்கின்றனர். இருந்த இடத்திலிருந்து செய்யும் வேலை மட்டுமன்று இது. கலிபோர்னியாவின் வரித் திணைக்களம் நியூ யோர்க்கிலும் சிக்காகோவிலும்கூட அலுவலகம் வைத்துள்ளது. அங்குள்ள நிறுவனங்களின் ஏடுகளைப் பார்க்கவேண்டுமல்லவா?

கணக்காய்வாளர் விற்பனைச் சிட்டைகளை மட்டும் பார்ப்பதில்லை. நிறுவனம் தன் தேவைக்கு வாங்கிய மேசை, கணினி, இயந்திரம் ஆகியவற்றுக்குப் பயன்பாட்டு வரி செலுத்தியதா என்பதையும் ஆராய்கின்றார். மூன்று ஆண்டுச் சிட்டைகள் அனைத்தையும் பார்த்தல் இயலாது. ஆதலால் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்து, அவற்றிற் கண்ட பிழையின் வீதத்தை முழுக் காலத்துக்கும் விரிப்பர். மாதிரியில் ஒரு சான்றிதழ் காணாமற் போயிருந்தால், அதன் நிழல் மூன்றாண்டு விற்பனையின்மீதும் விழும். வாங்கியவரிடம் பெறாத வரியை விற்றவர் தம் கைப்பணத்திலிருந்து வட்டியோடு கட்டநேரிடும். சிறு வியாபாரிக்கு அது கடையை மூடும் தொகையாகவும் அமையலாம். மாதிரியை நேர்மையாகத் தெரிவுசெய்வதே இப்பதவியின் மிகப் பெரிய பொறுப்பு என்பது என் கருத்து. வியாபாரி மிகையாகச் செலுத்தியிருந்தால் அதனையும் எடுத்துக் காட்டும் கணக்காய்வாளரே நல்ல கணக்காய்வாளர்.

எதற்கு வரி, எதற்கு இல்லை என்பதிலே வேடிக்கைகளும் உண்டு. பல மாநிலங்களிலே கோதுமை மா கலந்த இனிப்பு, சட்டத்தின் கண்ணில் மிட்டாய் அன்று. ஆகவே உள்ளே பிஸ்கற் வைத்த சொக்கிலேற்றுக்கு ஒரு விதி, வெறும் சொக்கிலேற்றுக்கு வேறு விதி. நியூ யோர்க்கிலே பேகல் என்னும் வளைய வடிவப் பாணை முழுதாக வாங்கிச் சென்றால் வரியில்லை. கடைக்காரர் அதனை வெட்டிக் கொடுத்தால் வரியுண்டு. இத்தகைய விதிகள் மாநிலந்தோறும் மாறுவதனாலேதான் நிறுவனங்கள் தனியே ஆள் வைத்துக்கொள்கின்றன.

சில ஆண்டுகள் திணைக்களத்திற் பழகியபின் பெரிய நிறுவனத்தின் வரிப் பகுதிக்கோ கணக்காளர் தாபனத்துக்கோ செல்பவர் பலர். அங்கே அவர் மேசையின் மறுபுறத்தில் அமர்கின்றார்; கணக்காய்வுக்கு முகங்கொடுப்பதோடு, மிகையாகக் கட்டிய வரியை மீட்பதும் அவர் பணி. இத்துறைக்கெனப் பரீட்சை நடத்திச் சான்று வழங்கும் தொழிலர் சங்கமும் உண்டு. வீதத்தைக் கணக்கிடும் வேலையை இப்பொழுது கணினி மென்பொருள் செய்கின்றது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வரி எல்லைகளை மனிதர் நினைவில் வைத்தல் ஆகாது. ஆனால் புதிதாகச் சந்தைக்கு வந்த ஒரு பொருள் எந்தப் பிரிவிற் சேரும் என்பதைச் சட்டத்தைப் படித்து அந்த மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இத்துறையினர் பெறும் உத்தியோகங்களுள் ஒன்றாகிவிட்டது.