களிமண் வளவுக்கு ஏற்ற உயிர்வேலி

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன் பகுதி கருங்களி மண்ணுக்குப் பெயர்பெற்றது. நெற்செய்கைக்கு இது நல்ல மண். ஆனால் வளவுக்கு வேலி அடைப்பவர்களுக்கு இம்மண் இரு தொல்லைகளைத் தருகின்றது. மாரியில் நீரை உறிஞ்சி வீங்கி, மேலும் நீர் கீழிறங்காதபடி தடுக்கின்றது. கோடையில் காய்ந்து, சுருங்கி, வெடிக்கின்றது. எனவே இங்கு நடப்படும் கதியால் வெள்ளத்தையும் வரட்சியையும் ஒருங்கே தாங்க வேண்டும்.

கம்பியும் சீமெந்துத் தூணும் வாங்க வசதியற்ற குடும்பத்திற்கு உயிர்வேலியே துணை. அது பட்டுப்போனால் ஆடு மாடுகள் உட்புகும். வீட்டுத்தோட்டம் அழியும். அயலவரோடு மனக்கசப்பும் ஏற்படும்.

கதியால் அழுகுவது ஏன்?

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றையே அது சுவாசிக்கின்றது. நீர் தேங்கும்போது அக்காற்று வெளியேறிவிடுகின்றது. வேர் விடாத புதிய கதியாலின் அடிப்பட்டை முதலில் அழுகும். கிளுவை, சீமைக்கிளுவை ஆகியன நீர் வடியும் மண்ணுக்கு உரியவை. மணல் நிலத்தில் அவை செழிப்பதைப் பார்த்துப் பள்ளமான களிநிலத்திலும் நடுவது வீண் உழைப்பாகும்.

எவற்றை நடலாம்?

1. பூவரசு: ஈரத்தையும் ஓரளவு உவரையும் தாங்கும். தடித்த கதியாலிலிருந்தே தளிர்க்கும். இலை ஆட்டுக்குத் தீனி. ஆகையால் தளிர் உயரும்வரை முள் அலம்பல் கட்டிக் காக்கவும்.

2. நொச்சி: ஆற்றோரங்களில் இயல்பாக வளர்வது. தடிகள் இலகுவில் வேர்விடும். ஆடு மாடுகள் இதனைப் பெரும்பாலும் கடிப்பதில்லை. நெருக்கமாக நட்டு வெட்டிவிட்டால் அடர்ந்த வேலியாகும்.

3. புங்கை: நீர்க்கரை மரம். விதையிலிருந்து வளர்ப்பதே நன்று. இலை வயலுக்குப் பசளையாகும்.

4. அகத்தி: வளர்ந்தபின் நீர்த்தேக்கத்தைத் தாங்கும். கீரை வீட்டுக்கு உதவும். ஆனால் அடிக்கடி மொட்டையாக வெட்டினால் பட்டுவிடும். ஆயுளும் குறைவு. எனவே ஏனைய மரங்களுக்கு இடையே மட்டும் நடவும்.

முள்முருக்கும் சில நாள் ஈரத்தைப் பொறுக்கும். ஆயினும் 2004இல் விஞ்ஞானிகள் இனங்கண்டு பெயரிட்ட ஒரு சிறு குளவி, பல நாடுகளில் இதன் இலைகளிலும் தளிர்களிலும் முண்டுகளை ஏற்படுத்தி மரத்தை நலிவடையச் செய்துள்ளது. முண்டு காணப்படும் மரத்திலிருந்து தடி வெட்டாதீர்கள்.

எப்போது, எப்படி நடுவது?

மேட்டு நிலத்தில் மாரி தொடங்கும்போது கதியால் நடுவது வழக்கம். பள்ளக் களிநிலத்தில் அவ்வாறு செய்தால் வேர்விடுமுன் வெள்ளம் வந்துவிடும். இங்கு தை, மாசியில் நீர் வடிந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே நடவும். அடுத்த மாரிக்குள் வேர் பிடித்துவிடும். கோடையில் வாரம் ஒருமுறையாவது நீர் ஊற்றவும். மண் வெடிக்காதிருக்க அடியில் வைக்கோலோ சருகோ பரப்பவும்.

நடும் வரிசையில் ஓர் அடி உயரமான வரம்பு கட்டி, அதன்மேல் நடவும். முற்றிய தடியைத் தெரிந்து, அடியைச் சாய்வாக வெட்டவும். நுனி வெட்டில் சாணம் பூசவும். தடியை அடித்து இறுக்காமல், அலவாங்கால் குழி செய்து இறக்கி மண்ணை மிதிக்கவும். அடித்தால் பட்டை உரிந்து அழுகல் தொடங்கும். வரம்பின் ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது.

அயலவரை மறவாதீர்

வரம்பு உங்கள் கதியாலைக் காக்கும். ஆனால் நீரோட்டத்தை மறித்தால் அந்த நீர் பக்கத்து வளவின் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் செல்லும். மறைநூல் எல்லைக்கல்லை நகர்த்துவோரைக் கண்டிக்கின்றது. எல்லையை நகர்த்தாமலே நீரை அயலவர்மீது தள்ளுவதும் அநீதியே. 2009இற்குப் பின் மீளக்குடியமர்ந்த கிராமங்களில் பழைய வேலிகள் அழிந்த இடங்களில் இதில் கூடுதல் கவனம் தேவை.

எனவே வரம்பு கட்டுமுன் இரு வீட்டாரும் ஒன்றாக நின்று, மாரி நீர் எங்கிருந்து வந்து எங்கே போகின்றது என்று பாருங்கள். அவ்வழியில் ஒரு குழாயைப் பதியுங்கள். இரு வளவுக்கும் பொதுவாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதை ஆண்டுதோறும் புரட்டாசியில் சேர்ந்து துப்புரவாக்குங்கள். நீருக்கு வழி விட்ட வேலியே பல மாரிகளைக் காணும்.