தவறான விடையிலும் ஒரு நியாயம்

"என்ரை பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏறாது, மிஸ்." சமூகப் பணிக்காகச் செல்லும் கிராமங்களில் தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்கும் சொல் இது. இடம்பெயர்வால் படிப்பு இடைநின்ற குடும்பங்களில் இன்னும் அதிகம்.

இந்த எண்ணத்தை ஆராய்ச்சியால் மறுத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் றொசலின்ட் ட்றைவர். பௌதிகவியல் படித்து ஆசிரியையான அவர், மாணவரின் விஞ்ஞான எண்ணங்களை ஆராய்ந்து 1973இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிள்ளை வெறும் மனதோடு வகுப்புக்கு வருவதில்லை, தான் கண்டதிலிருந்து அமைத்துக்கொண்ட விளக்கத்தோடுதான் வருகிறது என்று 1983இல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டினார்.

மரம் எதனால் பருக்கிறது? "மண்ணிலிருந்து" என்றே பல பிள்ளைகள் சொல்வார்கள். உண்மையில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் நீருமே பெரும்பகுதி மரமாகின்றன. ஆனால் அம்மா வேருக்குப் பசளை இடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் விடையிலும் நியாயம் உண்டு. கற்பித்தல் அந்த நியாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தோழியரே, பிள்ளை பிழையாகச் சொன்னால் ஏசாமல், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். ஆசிரியைகளாக உள்ள பட்டதாரிகள் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலேயே பயிலலாம். ஆராய்ச்சிக்கு அது முதற்படி. தவறிய பாடத்தைப் பிறகும் படிக்கலாம். "ஏறாது" என்ற சொல் பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால் அகற்றுவது கடினம்.