மாவு புளிக்க ஒரு பழைய ஃப்ரிட்ஜ்

உள்ளே வைத்த பாத்திரத்தை வேண்டிய சூட்டிலேயே மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் வைத்திருப்பதுதான் நொதித்தல் பெட்டி. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று அதற்குப் போதும். ஆனால் ஃப்ரிட்ஜோடு வரும் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள்தான் வேலை செய்யும். இட்லி மாவுக்கு 28 டிகிரி வேண்டுமென்றால் அதனால் முடியாது. அதனால் சுவர் சாக்கெட்டுக்கும் ஃப்ரிட்ஜ் பிளக்குக்கும் நடுவே வெளியிலிருந்து ஒரு கன்ட்ரோலரைப் போடுகிறார்கள். உள்ளே தொங்கும் சென்சார் சூட்டைச் சொல்லும்; அது கூடினால் கன்ட்ரோலர் ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் விடும், குறைந்தால் நிறுத்தும்.

இந்த ஏற்பாடு பீரிலிருந்து வந்தது. மியூனிக் நகரின் ஸ்பாட்டன் மதுவாலையில் கார்ல் வான் லிண்டே தம் குளிரூட்டும் இயந்திரத்தைச் சோதித்தது 1873இல். அதுவரை குளிர்காலத்தையும் பனிக்கட்டியையும் நம்பியிருந்த தொழில் அதன்பிறகு ஆண்டு முழுவதும் நடந்தது. லாகர் வகை பீருக்கு 8 முதல் 13 டிகிரி, ஏல் வகைக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். சூடு மிஞ்சினால் ஈஸ்ட் வேண்டாத கார ஆல்கஹால்களை உண்டாக்கி ருசியைக் கெடுக்கும். பிரிட்டன் 1963இலும் அமெரிக்கா 1978இலும் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு வழிவிட்டன. அங்குள்ள வீட்டுக்காரர்கள் பழைய ஃப்ரிட்ஜுகளோடு பட்ட பாட்டில்தான் இன்று இணையக் கடைகளில் கிடைக்கும் கன்ட்ரோலர்கள் பலவும் பெயர்பெற்றன.

நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற கேரள எல்லை ஊர்களில் வீட்டில் பீர் காய்ச்ச இடமில்லை. கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரி சட்டம், அதாவது 1902இலிருந்து இருக்கும் சட்டம், உரிமம் இல்லாமல் மது உண்டாக்குவதைக் கடுங்குற்றமாகவே வைத்திருக்கிறது. வீட்டில் செய்யும் ஒயினும் அதில் அடங்கும். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். ஆனால் நொதித்தல் என்பது இந்த ஊர்களின் அன்றாடக் காரியம். பனையேறுபவர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டுகிறார். விடியற்காலையில் இறக்கும் அக்கானி, அதாவது பதநீர், தித்திப்பாகவே இருக்கிறது. தடவாத கலயத்தில் அதே சாறு சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு செய்வதைக் குளிரும் செய்யும்: இறக்கிய அக்கானியை உடனே வடிகட்டி 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் நொதித்தல் மிகவும் மந்தப்படும். அக்கானிக்குத் தனிக் கன்ட்ரோலர் வேண்டியதில்லை, நல்ல ஃப்ரிட்ஜே போதும். கன்ட்ரோலர் பயன்படுவது மாவுக்கு.

உழுந்தும் அரிசியும் அரைத்த மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது லியூகோனோஸ்டாக். 25 முதல் 30 டிகிரியில் அது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏறினால் புளிப்பை மட்டுமே உண்டாக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். மாவு பொங்கும் முன்பே புளித்துவிடும். மார்ச், ஏப்ரலில் இந்தப் பகுதியின் பகல் சூடு 33, 34 டிகிரி வரை போகும். டிசம்பர் இரவில் அது 22, 23க்கு இறங்கும். வீட்டுக்கு மட்டும் அரைப்பவர் கைப்பழக்கத்தில் சமாளித்துக்கொள்வார். பாக்கெட்டில் அடைத்துக் கடைக்குக் கொடுப்பவருக்குத் தினமும் ஒரே புளிப்பு வேண்டும். கன்ட்ரோலர் வாங்க வேண்டியவர் அவர்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, கம்ப்ரெசருக்கு ஓய்வு கொடுக்கும் வசதி இருக்கிறதா என்பது. கம்ப்ரெசர் நின்றதும் குழாய்களுக்குள் அழுத்தம் சமமாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி மின்சாரம் வந்தால் அது திணறும், அடிக்கடி அப்படி நடந்தால் எரிந்தே போகும். 3 முதல் 5 நிமிடத் தாமதம் வைக்க முடியாத கன்ட்ரோலர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மின்சாரம் போய் வரும் ஊரில் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்: கரண்ட் திரும்பி வந்ததும் பழைய அமைப்பு நினைவில் இருக்குமா, அந்த நேரத்திலும் தாமதம் வேலை செய்யுமா?

அடுத்தது ரிலே, அதாவது கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஓர் ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே 10 ஆம்பியர் ரிலே தேவை. நம் மின்சாரம் 230 வோல்ட். 110 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் செய்த கன்ட்ரோலர்களும் அதே உருவத்தில், அதே பெயரில் விற்கின்றன. பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

குளிரூட்ட ஒன்று, சூடாக்க ஒன்று என இரண்டு ரிலே இருப்பது நல்லது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி குளிரூட்டவே வேண்டியிருக்கும். ஆனாலும் டிசம்பர் இரவுக்கும், 40 முதல் 45 டிகிரி கேட்கும் தயிருக்கும் ஒரு சின்ன பல்பு தேவைப்படும். எஸ்டிசி-1000 என்ற கன்ட்ரோலர் மலிவு. இரண்டு ரிலேயும் தாமதமும் அதில் உண்டு. ஆனால் அதன் ரிலே முனைகள் வெறும் சுவிட்ச்தான். அவற்றிலிருந்து தானாக மின்சாரம் வராது, ஃபேஸ் வயரைத் தனியாக இழுத்துக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல், பழுதான பொருளைக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. வயரிங் தெரியாதவருக்கு இங்க்பேர்ட் ஐடிசி-308 போல சாக்கெட்டோடு வருவதே பாதுகாப்பு, விலை கூடினாலும் சரி. பிஐடி வகைக் கன்ட்ரோலரை நுட்பமானது என்று நம்பி வாங்க வேண்டாம். அடிக்கடி போட்டு நிறுத்துவது அதன் வேலைமுறை. ஹீட்டருக்கு அது நல்லது, கம்ப்ரெசருக்குக் கேடு.

ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை ஒற்றைக் கதவு கொண்ட சாதாரண வகையே சிறந்தது. இன்வெர்ட்டர் கம்ப்ரெசரும் மின்னணுப் பலகையும் உள்ளவற்றில் வெளியிலிருந்து மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பது சரிவராது. சென்சார் வயரை நுழைக்க ஓட்டை போடவும் கூடாது: பல ஃப்ரிட்ஜுகளில் பக்கச் சுவருக்குள்ளேயே வாயுக்குழாய் ஓடுகிறது, புதியவற்றில் அந்த வாயு தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். மெல்லிய வயரைக் கதவு ரப்பரின் இடுக்கிலேயே விட்டால் போதும். கன்ட்ரோலர் எப்போதும் வெளியே இருக்கட்டும். எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் முடிவைத் தீர்மானிப்பது சென்சார் இருக்கும் இடம். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்தோறும் எண் குதிக்கும், கம்ப்ரெசர் ஓடி ஓடி நிற்கும். பாத்திரத்தின் பக்கத்தில் சென்சாரை ஒட்டி, அதன்மேல் மடித்த துணியையோ தெர்மாகோல் துண்டையோ வைத்துக் கட்ட வேண்டும். நொதிக்கும் பொருள் தானே சூடு உண்டாக்கும் என்பதால் காற்றின் சூடு வேறு, மாவின் சூடு வேறு. போட்டு நிறுத்தும் இடைவெளியை அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை வைக்கலாம். அதற்கும் குறைத்தால் பலன் இல்லை. 20 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 84 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் 100 வாட் வேகத்தில் எடுத்தால்கூட 14 நிமிடம் ஆகும். கெட்டி மாவில் சூடு உள்ளே நகர இன்னும் நேரமாகும். பெரிய அண்டா ஒன்றைவிட ஆழம் குறைந்த இரண்டு பாத்திரங்கள் நல்லது.

சென்சார் சொல்லும் எண்ணைச் சோதித்துவிட்டே நம்ப வேண்டும். நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் முனையை அமிழ்த்தினால் 0 காட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு சேர்த்து வைத்தால் 37 அருகே இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் கன்ட்ரோலரிலேயே திருத்தலாம். பூவாறு, பொழியூர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று ரிலே முனைகளை அரிக்கும் என்பதால் மூடிய பெட்டியில் வைத்து, ஆண்டுக்கொரு முறை ஸ்குரூக்களை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

எல்லாம் இணைத்த முதல் இரவில் மாவை வைக்க வேண்டாம். அதே பாத்திரத்தில் அதே அளவு தண்ணீரை வைத்து, 28 டிகிரிக்கு அமைத்து, கம்ப்ரெசர் எத்தனை முறை ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு நான்கைந்து முறைக்கு மேல் ஓடினால் சென்சார் சரியாக ஒட்டவில்லை, அல்லது இடைவெளி குறைவு. அதைச் சரிசெய்த பிறகு உழுந்தை நனையப் போடுங்கள்.