நாற்பது வயது ஆபரேட்டருக்கு அடுத்த வேலை எது?

மண்ணூர், தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம். இந்தப் பக்கத்துச் சாலைகளில் மின்கம்பங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் ஒரே மாதிரியான நோட்டீஸ்கள் கண்ணில் படும். 'ஆட்கள் தேவை. பிளஸ் டூ, ஐ.டி.ஐ, டிப்ளமோ. வயது 18 முதல் 28 வரை. சாப்பாடு, ரூம், பஸ் வசதி உண்டு.' கீழே ஏஜென்ட்டின் செல் நம்பர். அந்த நம்பருக்குப் போன் போட்டால், 'வயசு எவ்ளோ?' என்பதுதான் முதல் கேள்வி. முப்பதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான்.

நடுவயதில் தொழில் மாற்றம் என்றதும், கைநிறைய சம்பளம் வாங்கிய ஐ.டி வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்குப் போனவர்களின் கதைதான் நம் நினைவுக்கு வரும். அவர்களின் துணிச்சலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது கையில் சேமிப்பும் சொந்தமாக ஒரு வீடும் உள்ளவர்கள் யோசித்து எடுத்த முடிவு. இந்தத் தொழிற்பேட்டைகளில் தொழில் மாறுகிறவர்களில் மிகப் பலர் அப்படி யோசிக்க அவகாசம் கிடைக்காதவர்கள். இங்கே நடுவயது முப்பதிலேயே வந்துவிடுகிறது.

நோக்கியாவிடமிருந்தே தொடங்கலாம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் செல்போன் ஆலை இயங்கத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கையோடு 18, 19 வயதில் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். பலருக்கு அது குடும்பத்தின் முதல் மாதச் சம்பளம். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். உதிரிபாகம் செய்த ஆலைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை மட்டும் கை மாறவில்லை. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த உற்பத்தி நடந்தது. நவம்பர் 1-ம் தேதி அதுவும் நின்றது. அதற்குள் ஐயாயிரம் பேருக்கு மேல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டிசம்பரில், நோக்கியாவுக்குப் பொருள் செய்து கொடுத்த ஃபாக்ஸ்கானும் இங்கே உற்பத்தியை நிறுத்தியது.

ஓய்வு என்ற பெயரில் வெளியே வந்தவர்களில் மிகப் பலருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஷேர் ஆட்டோவும் கால் டாக்ஸியும் ஓட்டப் போனவர்கள் உண்டு. தையல் மெஷின் வாங்கிப் போட்டவர்கள், ஜவுளிக்கடைக்குப் போனவர்கள், பாதிச் சம்பளத்துக்கு இன்னொரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவர்கள் உண்டு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், வேலையே வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண்களும் உண்டு.

இவர்களிடம் தொழில் திறமை இல்லை என்று சொல்லவே முடியாது. செல்போன் போர்டில் உதிரிபாகம் பதிக்கும் லைனை எடுத்துக்கொள்வோம். அங்கே வைக்கும் பாகங்களில் சில, உப்புக்கல் அளவுகூட இருக்காது. சால்டர் பேஸ்ட் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடுகிற மெஷினுக்குப் பாகம் தீர்வதற்குள் ரீல் மாற்ற வேண்டும். சோதனை மெஷின் 'ரிஜெக்ட்' என்று தள்ளிய போர்டில் உண்மையிலேயே பழுதா, மெஷினின் தவறா என்று சில நொடிகளில் தீர்மானிக்க வேண்டும். உடம்பின் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் பட்டை கட்டாமல் உட்காரவே கூடாது. இத்தனையும் எட்டு வருஷம் செய்தவர் ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா டைப் அடிக்கும்போது, 'ஆபரேட்டர், 8 வருடம்' என்ற ஒற்றை வரியாகிவிடுகிறது. எந்த மெஷின், எந்த ஸ்டேஷன், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதற்கெல்லாம் காகிதம் கிடையாது. படித்த படிப்புக்குச் சான்றிதழ் தரும் நாடு, செய்த வேலைக்கு அதைத் தருவதற்கு இன்னும் பழகவில்லை.

இதே நோக்கியாவுக்கு வேறு அனுபவமும் இருந்தது. 2008-ல் ஜெர்மனியின் போஹும் நகர ஆலையை மூடி 2,300 பேரை அனுப்பியபோது பெரும் போராட்டம் வெடித்தது. அந்தப் பாடத்தில் 2011-ல் பிறந்ததுதான் 'பிரிட்ஜ்' திட்டம். வேலை போகப்போகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி, கம்பெனிக்குள் வேறு வேலை, வெளியே வேலை, புதுப் படிப்பு, சொந்தத் தொழில் என்று வழிகளைத் திறந்துவிடுவது. பின்லாந்தில் சொந்தத் தொழில் தொடங்க ஒருவருக்கு 25,000 யூரோ வரை மானியம் கொடுத்தார்கள். செலவு செய்யவும் யோசிக்கவும் தயாராக இருந்தால் ஒரு கம்பெனியால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 2014-ல் இங்கேயும் விருப்ப ஓய்வோடு அந்தத் திட்டத்தை அறிவித்தார்கள். ஆனால் பின்லாந்து இன்ஜினீயர் இறங்கும் கரை வேறு. மண்ணூர் ஆபரேட்டருக்கு இறங்கக் கரை வேண்டுமானால், அதை அரசும் பக்கத்துக் கம்பெனிகளும் சேர்ந்துதான் கட்டியிருக்க வேண்டும். பக்கத்துக் கம்பெனி அந்த நேரத்தில் 18 வயதுக்காரரைத் தேடிக்கொண்டிருந்தது.

பெண்களுக்கு இன்னொரு வாசலும் அடைபட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் நடத்தும் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதன்பின் விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை பற்றிய நிபந்தனைகளை எடுத்துவிடும்படி ஏஜென்ட்டுகளிடம் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. விளம்பரத்திலிருந்து நீக்குவது சுலபம். நேர்முகத்தில் கேட்காமல் இருக்கிறார்களா என்று யார் பார்ப்பது? 35 வயதில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, மீண்டும் ஷிஃப்டுக்கு வரத் தயாராக இருக்கும் பெண்ணை இந்தப் பகுதி கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்காக முதலாளி 15 நாள் சம்பளத்தைக் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். மாதம் 20,000 வாங்கியவருக்கு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். புதுத் தொழில் கற்கும் காலத்தில் வீட்டு வாடகைக்கே இது இரண்டு மாதம் தாங்காது. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. விருப்ப ஓய்வில் போனவரும், கான்ட்ராக்ட் காலம் முடிந்து போனவரும் 'ஆட்குறைப்பு' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். இந்தப் பகுதியில் வேலை பெரும்பாலும் போவதே இந்த இரண்டு வழிகளில்தான். அப்படியானால் நிதி யாருக்கு?

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. சுமார் 2,600 தொழிலாளர்கள். நோக்கியா பிள்ளைகளைப் போல இவர்கள் இருபதுகளில் இல்லை. வீட்டுக்கடன், கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்று பலரும் நடுவாழ்க்கையில் இருந்தார்கள். அதே ஆலையில் 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் உற்பத்தி தொடங்க 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 2029-ல் உற்பத்தி தொடங்குமாம். 2022-ல் 40 வயதில் வெளியேறியவருக்கு அப்போது 47. அவரை மீண்டும் கூப்பிடுவார்களா? ஆலைக்கு நிலமும் சலுகையும் தரும் அரசு இதை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க முடியும். பழைய தொழிலாளர்களுக்கு இத்தனை சதவிகித இடம், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இத்தனை இடம் என்று எழுத வைக்கலாம்.

கதவுகள் எல்லாமே மூடியிருக்கவில்லை. தமிழக அரசு ஐ.டி.ஐ-களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. வேலை செய்து கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல் முறை பத்தாண்டுகளாக நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தால் குடும்பம் எப்படி ஓடும்? ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு மாலை வகுப்பும், ஒரகடத்திலேயே ஆர்.பி.எல் தேர்வு மையமும், படிக்கும் மாதங்களில் உதவித்தொகையும் இருந்தால்தான் இந்தச் சலுகைகள் கைக்கு எட்டும்.

அதுவரை, விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டும்போது தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். எந்தெந்த மெஷினில், எந்தெந்த ஸ்டேஷனில், எத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதை விவரமாக எழுதிய பணிச் சான்றிதழைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஹெச்.ஆர் 'அப்புறம் பார்க்கலாம்' என்பார். சங்கம் பேச்சுவார்த்தையில் உட்காரும்போது, பணத்தோடு சேர்த்து இதையும் கோரிக்கையாக வைத்தால் கிடைக்கும். கம்பெனிக்கு இதில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.